ஓசையில்லாமல் பெய்யுமா பனி?



அண்மையில் ஐந்தாம் ஆண்டு மாணவர்களின் கட்டுரை ஏடுகளைத் திருத்தினேன். ‘பனி பெய்யும் நாட்டில் ஒரு நாள்’ என்பது தலைப்பு. இருபத்து மூன்று ஏடுகள். அவற்றுள் பதினெட்டில் வானத்துத் தேவதைகள் மலர் தூவினர். பதினாறில் பூமித்தாய் வெண்பட்டு உடுத்தியிருந்தாள். எல்லா ஏடுகளிலும், ஆம், எல்லாவற்றிலும், அக்காட்சி ‘கண்ணுக்கு விருந்தாக’ அமைந்திருந்தது. எல்லாருடைய மனமும் ‘துள்ளிக் குதித்தது’.

எழுதிய இருபத்து மூவரில் ஒருவரும் பனிப்பொழிவைக் கண்டதில்லை. அது அவர்களின் குற்றமன்று. ஆனால், காணாத ஒன்றைப்பற்றி இருபத்து மூவரும் ஒரே மாதிரி எழுதினார்களே, அது யார் குற்றம்?

நம் குற்றம்தான். தேவதைகளையும் வெண்பட்டையும் கரும்பலகையில் எழுதிப்போட்டவர்கள் நாம். பயிற்சி நூல்களில் அவற்றைத் தேடி வாங்கிக் கொடுத்தவர்கள் பெற்றோர். பனிப்பொழிவின் அழகைக் கற்பிப்பதாக நினைத்துக்கொண்டு, அந்த அழகை மறைக்கும் திரையையே பிள்ளைகளின் கையில் கொடுத்திருக்கிறோம். இதைத்தான் இன்று வெளிப்படையாகச் சாட விரும்புகிறேன். முதல் குற்றவாளியாக என்னையே நிறுத்துகிறேன்.

நான் அடித்த சிவப்புக் கோடு

ஆசிரியர் பயிற்சி முடித்து வெளிவந்த தொடக்க ஆண்டுகள் அவை. மீனவர் ஊர் ஒன்றில் பணியாற்றிக்கொண்டிருந்தேன். இதே போன்றதொரு தலைப்பைத்தான் கொடுத்திருந்தேன். ஒரு மாணவனின் தந்தை ஐஸ் ஆலையில் வேலை செய்தார். மீன்பிடிப் படகுகளுக்குப் பனிக்கட்டி போடும் ஆலை. அவன் தேவதைகளை அழைக்கவில்லை. ஐஸ் பாளம் சறுக்குப் பலகையில் இறங்கும்போது எழும் ஓசையைப்பற்றி எழுதியிருந்தான். காது அடைத்துப்போகும் என்றும், அப்பா இரவில் வீடு திரும்பியதும் மெதுவாகப் பேசினால் அவருக்குக் கேட்காது என்றும் எழுதியிருந்தான். இறுதியில், “பனி ஓசையில்லாமல் பெய்யும் என்கிறார்கள். அதுவும் ஐஸ்தானே ஐயா? பிறகு எப்படி ஓசை வராது?” என்று முடித்திருந்தான்.

நான் என்ன செய்தேன்? அந்தக் கடைசிப் பத்தியின்மேல் சிவப்பு மையால் கோடிட்டேன். “வருணனைக் கட்டுரையில் ஆசிரியரை வினவக்கூடாது. சொல்நயம் போதாது” என்று எழுதினேன். புள்ளிகளைக் குறைத்தேன். அடுத்த கட்டுரையில் அவனும் வெண்பட்டு விரித்தான். “முன்னேற்றம்” என்று எழுதி ஒரு நட்சத்திரமும் ஒட்டினேன்.

அவன் கேட்ட வினாவுக்கு எனக்கு விடை தெரியாது. தெரியாததை மறைக்கவே கோடு போட்டேன் என்பதை ஒப்புக்கொள்ள எனக்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் பிடித்தன.

சுரங்கத்திற்கு அப்பால்

2018-ஆம் ஆண்டு இறுதி விடுமுறையில் நண்பர்கள் சிலருடன் ஜப்பான் சென்றேன். தோக்கியோவிலிருந்து ஷின்கன்சென் விரைவு இரயிலில் நீகாத்தா மாநிலத்தை நோக்கிப் பயணம். சன்னலுக்கு வெளியே நல்ல வெயில், வறண்ட வயல்கள். பிறகு 22 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கம் வந்தது. மலையைக் குடைந்து போட்ட அந்த இருட்டிலிருந்து வெளிவந்தபோது வெயிலைக் காணோம். கூரை, மரம், கம்பம், தண்டவாளத்தின் ஓரம் எல்லாம் பனி. ஒரு மலையின் இருபுறமும் இரு வேறு பருவங்கள்!

இதன் காரணத்தைப் பிற்பாடுதான் படித்தறிந்தேன். குளிர்காலத்தில் சைபீரியாவிலிருந்து உலர்ந்த கடுங்குளிர்க் காற்று புறப்படுகிறது. அது ஜப்பான் கடலைக் கடக்கும்போது, அங்கே ஓடும் சூடான சுஷிமா நீரோட்டத்திலிருந்து ஈரத்தை அள்ளிக்கொள்கிறது. மலைத்தொடரில் மோதி மேலெழும்பி, சுமந்து வந்த ஈரத்தையெல்லாம் பனியாக இறக்கிவிடுகிறது. மலையைத் தாண்டி தோக்கியோவை அடையும்போது காற்று வறண்டுவிடுகிறது. அதனால்தான் எச்சிகோ என்று பழம்பெயர் பெற்ற அந்த நிலப்பகுதி, உலகில் மக்கள் வாழும் இடங்களிலேயே மிக அதிகமாகப் பனி பெய்யும் இடங்களுள் ஒன்றாக இருக்கிறது.

அன்றிரவு யுசாவாவில் ஒரு சிறு விடுதியில் தங்கினோம். நள்ளிரவில் விழிப்பு வந்தது. எந்த ஓசையாலும் அன்று. ஓசை இல்லாததால் விழித்தேன். நம் நாட்டில் இரவு ஒருபோதும் அமைதியாக இருப்பதில்லை. தவளை, பூச்சி, மின்விசிறி, மோட்டார் சைக்கிள், துத்தநாகக் கூரையில் மழை. அங்கே எதுவும் இல்லை. திரைச்சீலையை விலக்கிப் பார்த்தேன். தெருவிளக்கின் ஒளிவட்டத்திற்குள் பனி இறங்கிக்கொண்டிருந்தது. விழவில்லை, இறங்கியது. சில செதில்கள் கொஞ்சம் மேலேறி, தயங்கி, பிறகு இறங்கின. வேலியின் ஒவ்வொரு கம்பியின்மேலும் அதே அகலத்தில் ஒரு வெள்ளைக் கோடு. அரை மணி நேரம் நின்றிருப்பேன். தேவதை எவரும் நினைவுக்கு வரவில்லை. ஐஸ் ஆலைக்காரரின் மகன்தான் நினைவுக்கு வந்தான்.

அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டிய விடை

பெரிய மழைத்துளி ஒன்று நொடிக்கு 9 மீட்டர் வேகம் வரை விழுகிறது. பனிச்செதில் ஒன்றோ, நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர். நம் வீட்டுப் பாட்டி மெல்ல நடக்கும் வேகம் அது. எடையும் மிகக் குறைவு. ஆகவே, தரையைத் தொடும்போது நம் செவிக்கு எட்டும் ஓசை எழுவதில்லை. இது முதற்காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் வியப்பானது. புதிதாகப் பெய்த பனியில் பத்தில் ஒன்பது பங்கிற்கும் மேல் காற்றுதான். செதில்களுக்கு இடையே எண்ணற்ற நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. தெருவில் எழும் ஓசை அந்த இடைவெளிகளுக்குள் நுழைந்து, அங்கேயே அடங்கிவிடுகிறது. ஒலிப்பதிவுக் கூடத்தின் சுவரில் பொருத்தும் நுரைப்பஞ்சு செய்யும் வேலையைத்தான் பனி செய்கிறது. பனி ஓசையின்றிப் பெய்வதோடு நில்லாமல், மற்ற ஓசைகளையும் விழுங்கிவிடுகிறது! ஆனால், மறுநாள் வெயிலில் மேற்பரப்பு உருகி இரவில் மீண்டும் உறைந்து இறுகினால், ஓசையை உள்வாங்குவதற்கு மாறாக எதிரொலிக்கத் தொடங்கும். அந்த அமைதி அன்றைய புதுப்பனிக்கே உரியது.

வெண்மையும் அப்படித்தான். பனிக்கட்டிக்கு நிறமில்லை, கண்ணாடிபோல் ஒளி புகும் பொருள். கோடிக்கணக்கான சிறு பரப்புகளில் பட்டு ஒளி எல்லாத் திசையிலும் சிதறுவதால் வெண்மையாகத் தெரிகிறது. பாளமாக இருந்தால் ஓசை, ஒளிபுகும் தெளிவு. செதிலாக இருந்தால் அமைதி, வெண்மை. பொருள் ஒன்றே, அடுக்கப்பட்ட முறைதான் வேறு. “அதுவும் ஐஸ்தானே ஐயா?” என்ற வினாவில் இத்தனையும் அடங்கியிருந்தது. அதன்மேல்தான் நான் கோடு போட்டேன்.

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்னும் உழவர் வாழ்ந்தார். தாயிடமே வீட்டில் பாடம் கற்றவர். தாய் கொடுத்த நுண்ணோக்கியில் பனிச்செதிலைப் பார்க்கத் தொடங்கியவர். 1885-ஆம் ஆண்டு சனவரியில் ஒரு பனிப்படிகத்தை முதன்முதலாக ஒளிப்படம் எடுத்தார். 1931-இல் மறையும்வரை 5,000-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். ஜப்பானின் நாகாயா உகிசிரோ, 1936-இல் ஹொக்காய்டோ பல்கலைக்கழகக் குளிரறையில் ஒரு முயல் மயிரின் நுனியில் பனிப்படிகத்தைச் செயற்கையாக வளர்த்துக் காட்டினார். மேகத்தின் வெப்பநிலையும் ஈரமும் மாறுவதற்கேற்பப் படிகத்தின் வடிவமும் மாறுகிறது என்பதைக் கண்டறிந்தார். இவ்விருவரும் பனியின் அழகில் மயங்காதவர்களா? வாழ்நாள் முழுதும் மயங்கியவர்கள்! ஆனால், மயங்கியதோடு நிற்காமல் உற்று நோக்கினார்கள். அதற்கு ‘ஏன்’ என்று கேட்கத் தெரிய வேண்டும். அந்தச் சொல்லைத்தான் நாம் கட்டுரையிலிருந்து நீக்கிவிட்டோம்.

அமைதியின் எடை

விடியற்காலையில் அந்த அமைதி கலைந்தது. “சரக்... சரக்...” என்று மண்வாரியின் ஓசை. எழுபது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் வாசற்பனியை வாரிக்கொண்டிருந்தார். பனி மிகவும் அழகாக இருக்கிறது என்று எங்கள் வழிகாட்டி மூலம் சொன்னேன். அவர் சிரித்தார். “பெய்யும்போது அழகுதான்” என்றார். பிறகு கூரையைக் காட்டினார்.

கூரையை அப்போதுதான் பார்த்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். படிந்து இறுகிய பனி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 300 கிலோகிராம் எடை இருக்கும். 10 மீட்டர் நீளமும் 8 மீட்டர் அகலமும் உள்ள கூரையில் 1 மீட்டர் உயரத்திற்குப் பனி நின்றால் 24,000 கிலோகிராம். ஆறு பெரிய யானைகள் கூரைமேல் நிற்கின்றன என்று பொருள். வாரித் தள்ளாவிட்டால் வீடு தாங்காது. 2005-2006 குளிர்காலத்தில் நீகாத்தாவின் சுனான் நகரில் 4 மீட்டருக்கும் மேல் பனி நின்றது. அந்தக் குளிர்காலத்தில் ஜப்பான் முழுவதும் 152 பேர் பனியால் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். கூரையிலிருந்தும் வாசலிலிருந்தும் பனி அகற்றும்போது மாண்டவர்கள்.

இதை உரக்கச் சொன்னவர் அந்த மண்ணின் மைந்தரே. ஷியோசாவா ஊரைச் சேர்ந்த துணி வணிகர் சுசுகி பொகுஷி (1770-1842) எச்சிகோ மக்களின் பனிவாழ்வைப்பற்றி ‘ஹொகுஎட்சு செப்பு’ என்னும் நூலை எழுதினார். அதை அச்சேற்ற ஏறக்குறைய 40 ஆண்டுகள் போராடி, 1837-இல் வெற்றி கண்டார். பனி குறைவாகப் பெய்யும் ஊர்க்காரர்கள் அதை விருந்து வைத்து இரசிக்கிறார்கள். எங்களுக்கோ ஆண்டுதோறும் துயரம் என்பது அவர் எடுத்துரைக்கும் கருத்துகளுள் ஒன்று. அதே நூலில் பனிப்படிகங்களின் வடிவங்களையும் படமாகக் காட்டியிருக்கிறார். துயரத்தைச் சொன்னவரே அழகையும் சொன்னார். இரண்டையும் அறிந்தவர் அவர்.

அதே ஷியோசாவா பகுதியில் ஒருவகை நார்த் துணியை நெய்து, குளிர்காலத்தின் இறுதியில் பனிமேல் விரித்து வெளுக்கிறார்கள். வெயிலும் பனியும் சேர்ந்து துணியை வெளுக்கின்றன. இந்நெசவுக்கலை 2009-ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. பனிமேல் துணி விரிக்கும் மக்களிடம் போய் ‘வெண்பட்டு விரித்தாற்போல்’ என்று சொல்லிப் பாருங்கள். உண்மையைவிட நம் உவமை எவ்வளவு ஏழ்மையானது என்பது விளங்கும்.

எடையைச் சொன்னால் அழகு குறைந்துவிடும் என்று அஞ்ச வேண்டா. அன்றிரவு நான் கண்ட அமைதி, மறுநாள் காலை அந்தப் பெரியவரைக் கண்டபின் குறையவில்லை, கூடியது. விலை தெரிந்த பின்தானே பொருளின் அருமை தெரியும்?

எழக்கூடிய மறுப்புகள்

முதலாவது: “புள்ளிகள் வேண்டாமா? மொழியணிகளைப் பயன்படுத்தினால்தானே தேர்வில் மதிப்பெண்?” இதுவரை யு.பி.எஸ்.ஆர். தேர்வைக் காரணம் காட்டினோம். அத்தேர்வு 2021-ஆம் ஆண்டே நிறுத்தப்பட்டுவிட்டது. தேர்வு போய்விட்டது, மனப்பாடம் மட்டும் போகவில்லை. மொழியில் பின்தங்கிய மாணவனுக்கு ஆயத்தத் தொடர்கள் ஊன்றுகோலாக உதவுகின்றன என்பதை மறுக்கமாட்டேன். நானும் கொடுக்கிறேன். ஆனால், நடக்கத் தெரிந்தவன் கையிலிருந்தும் காலைப் பிடுங்கிக்கொண்டு ஊன்றுகோலைக் கொடுப்பது எந்த ஊர் நியாயம்?

இரண்டாவது: “வெப்ப நாட்டுப் பிள்ளைக்குப் பனி எதற்கு? நம் மண்ணைப்பற்றி எழுதட்டுமே!” கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால், நான் சுரங்கத்திற்கு அப்பால் கண்ட பனியை அனுப்பிய சைபீரியக் குளிர்க்காற்றுக்கு நம்மிடமும் வேலை உண்டு. அந்த ஆசியக் குளிர்காலக் காற்றோட்டத்தின் தென்கோடிதான் நம் வடகிழக்குப் பருவக்காற்று. தென்சீனக் கடலின் ஈரத்தை அள்ளிக்கொண்டு கிளந்தான், திரங்கானு கரைகளில் மழையாகக் கொட்டுகிறது. 2014-ஆம் ஆண்டு டிசம்பரில் இரண்டு இலட்சத்திற்கும் அதிகமான நம் நாட்டு மக்களை வீட்டைவிட்டு வெளியேற்றிய வெள்ளம் அப்பருவத்தில் வந்ததே. அங்கே ஓசையின்றிக் கூரைமேல் ஏறுகிறது. இங்கே பேரோசையுடன் வாசலில் நுழைகிறது. இதைச் சொல்லிக் கொடுத்தால் பனி அயலாருடையது என்று எந்தப் பிள்ளையும் நினைக்காது.

மூன்றாவது மறுப்பு நம் மொழிப்பற்றாளர்களிடமிருந்து வரும்: “தமிழில் இல்லாத பனியா? முன்பனியும் பின்பனியும் நம் பெரும்பொழுதுகள் ஆயிற்றே!” ஆம், ஆனால் அந்தப் பனி மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனி, இரவில் பொழிந்து கூரையை அழுத்தும் பனி வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி ‘மார்கழிப் பனியில் பனிமனிதன் செய்தோம்’ என்று எழுதும் மாணவனை நான் பார்த்திருக்கிறேன். வேறுபாட்டைக் கற்பிப்பதே மொழிப்பற்று.

இங்கே ஒரு செய்தி. ஜப்பானிய மொழியிலும் நம் இரட்டைக்கிளவி போன்ற சொற்கள் ஏராளம். பனி அமைதியாகப் பெய்துகொண்டே இருப்பதைக் குறிக்க ‘ஷின் ஷின்’ என்கிறார்கள். ஓசையற்ற நிலைக்கு ஓர் ஒலிக்குறிப்பு! நமக்கோ மழைக்குச் ‘சோ’வும் ‘சடசட’வும் உண்டு, பனிக்கு ஒன்றும் இல்லை. தேவைப்படவில்லை, ஆதலால் பிறக்கவில்லை. இதனால் தமிழுக்குக் குறைவேதும் இல்லை. கண்டவன் காதால் கேட்டுச் சொல் படைக்கிறான் என்பதற்கு இது சான்று. நம் பிள்ளைகளும் ஒரு நாள் காண்பார்கள், கேட்பார்கள், படைப்பார்கள். அதற்குள் அவர்கள் வாயைத் தேவதைகளால் அடைத்துவிடாதீர்கள்!

என்ன செய்யலாம்?

குறை சொல்லிவிட்டு ஒதுங்குவது ஆசிரியனுக்கு அழகன்று. நான் இப்போது வகுப்பில் செய்பவற்றைச் சொல்கிறேன்.

1. இரண்டு அட்டைப் பெட்டிகள். ஒன்றை வெறுமையாக விட்டு, மற்றதன் உட்புறம் முழுதும் இலவம்பஞ்சை நிரப்புகிறேன். ஒலிக்கும் கடிகாரத்தை மாற்றி மாற்றி வைத்து மூடச் சொல்கிறேன். பனி ஏன் ஓசையை விழுங்குகிறது என்பதை அவர்களே சொல்லிவிடுகிறார்கள்.

2. கூரைமேல் எத்தனை யானைகள் என்ற கணக்கைக் கணிதப் பாடத்தில் செய்ய வைக்கிறேன். பிறகு அதே வகுப்பில் கட்டுரை.

3. காணாததைக் கண்டதாக எழுத வேண்டா என்கிறேன். “நான் பனியைக் கண்டதில்லை, ஆனால்...” என்று தொடங்கினால் புள்ளிகள் குறையா.

4. ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதியவனுக்கே விடை தெரியாத ஒரு வினா இருக்க வேண்டும். எனக்கும் தெரியாவிட்டால், தெரியாது என்று ஏட்டிலேயே எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

பெற்றோர்களே, உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டில் எழுதிய கட்டுரையில் அலங்காரம் போதவில்லை என்று திருத்தாதீர்கள். “இதை எப்படி அறிந்தாய்?” என்று மட்டும் கேளுங்கள்.

இறுதியாக, அந்த மீனவர் ஊர் மாணவனுக்கு. தம்பி, நீ இப்போது இளைஞனாகியிருப்பாய். எங்கே இருக்கிறாய் என்று எனக்குத் தெரியாது. உன் வினாவுக்கு விடை மேலே இருக்கிறது. ஓசை வராததற்குக் காரணம் காற்று. அந்தக் கட்டுரையில் நயம் இருந்தது. தவறு என்னுடையது.

சிவப்புப் பேனாவை எடுக்கும்முன் சிந்திப்போம்!

அன்புடன்,
ஓர் ஆசிரியன்